ரீபூட்: மறுவா, மீளா?

2019 இல் வெளியான ஷசாம் என்ற சூப்பர்ஹீரோ படத்தைக் கோண்டாவில் வீட்டில் மருமகனோடு இருந்து பார்த்தேன். பாதியில் கேட்டான்: "மாமா, இதை ரீபூட் எண்டு சொல்லுறாங்கள். அதுக்குத் தமிழ் என்ன?" படத்தை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

பூட் என்றால் சப்பாத்து. (சப்பாத்தும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்தான், அது வேறு கதை.) உயரமான சப்பாத்தில் காலை நுழைக்கும்போது பிடித்து இழுக்க பூட்ஸ்ட்ராப் என்று ஒரு வார் இருக்கும். அந்த வாரை இழுத்துத் தன்னைத் தானே தூக்குவது நடக்காத காரியம் என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கேலி பேசினார்கள். கணினி வந்தபோதும் அதே சிக்கல். எந்த நிரலையும் நினைவகத்தில் ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். அதை யார் ஏற்றுவது? சின்ன நிரல் ஒன்று முதலில் ஏறி, பெரியதை இழுத்து வரும்படி செய்தார்கள். 1950களில் அந்த வாரின் பெயரையே இதற்கும் வைத்தார்கள், பிறகு அது பூட் எனக் குறுகியது. அணைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினால் ரீபூட். நினைவகத்தில் இருந்தது எல்லாம் போய்விடும். சித்திரக்கதைக்காரர்களுக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான்: பழைய கதை நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு நாயகனை முதலிலிருந்து தொடங்கலாம்.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டார் மறுசுழற்சி என்றால் நாங்கள் மீள்சுழற்சி என்போம். அந்தப் பழக்கத்தில் மீள்தொடக்கம் என்றுதான் முதலில் வாயில் வந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 'மறு' என்பது இன்னொன்று: மறுகரை, மறுபிறவி. மறுபிறவி எடுத்தவனுக்கு முந்தியது நினைவில்லை. 'மீள்' என்பது விட்டுப்போன இடத்துக்கே திரும்புவது. மீள்குடியேற்றம் என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பற்றைக்குள் தன் பழைய கிணற்றைத் தேடியவருக்கு அது தெரியும். ஆகவே ரீபூட் என்பதற்கு மறுதொடக்கமே பொருந்தும்.

இந்தப் படத்துக்கு அது பொருந்துமா? சிறுவன் சக்தி பெறும் கதையை முதலிலிருந்து சொல்வதால் ரீபூட் என்கிறார்கள். 'ஷசாம்' என்று சொன்னதும் பெரிய ஆளாகிவிடும் பையன், அந்த உடம்போடு பியர் வாங்கப் போகிறான். பழைய வீரனை வைத்துப் பகடி செய்துவிட்டார்கள் என்று சிலருக்குக் குறை. எனக்கு அது பகடியாகத் தெரியவில்லை, எங்கள் ஊர்ப் பகிடிதான். பகடி அடுத்தவரைக் கிண்டுவது, பகிடி கூட இருந்து சிரிப்பது.

இந்த வீரன் 1940 இல் கப்டன் மார்வல் என்ற பெயரில் சித்திரக்கதையில் வந்தபோதே பகிடிக்காரன். 1940களில் சூப்பர்மேனையும் விஞ்சி விற்றவன். அவனை ஆட்டிப்படைத்த வில்லன் யார் தெரியுமா? கழுத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஒரு புழு! சூப்பர்மேனின் நகல் என்று வழக்குப் போட்டார்கள், 1953 இல் அவன் நின்றுபோனான். வழக்குப் போட்ட, சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனமே 1973 இல் அவனைத் திரும்ப அச்சுக்குக் கொண்டுவந்தது, அட்டையில் ஷசாம் என்ற பெயரோடு.

படம் அந்தப் பழைய பகிடிக்காரனிடமே திரும்பியிருக்கிறது. எனவே மருமகனுக்கு நான் கொடுத்த சொல் மீள்வருகை. அவன் நம்பவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. நடுவில், கழுத்தில் ஒலிபெருக்கியோடு அந்தப் புழு வந்தது.