மருவா, ஆணியா? சீவிப் பார்த்தால் தெரியும்

"டாக்டர், கால் ஆணி. ஒரு வருஷமா நகவெட்டியால வெட்டி எறியறேன், திரும்பத் திரும்ப வளருது." நோயின் பெயரையும் தாங்களே வைத்துக்கொண்டு வருபவர்கள் பலர். இவர் குதிகாலில் பட்டாணி அளவுக்குத் தடித்த தோல். பார்வைக்கு ஆணி மாதிரிதான் இருந்தது.

நேராக அழுத்தினேன், லேசான வலி என்றார். இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி, கிள்ளினால் வலிப்பது மரு. இதை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது. பிளேடை எடுத்து மேல்தோலை மெல்லச் சீவினேன். செத்த தோல் என்பதால் வலியில்லை. இரண்டு மூன்று அடுக்கு போனதும் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தெரிந்தன. 'வேர்' என்று பலர் சொல்வது இதைத்தான். வேரல்ல, மருவுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் உறைந்துபோன ரத்தம். பாதத்தின் ரேகைகளும் அதன் விளிம்போடு அறுந்து நின்றன. ஆணியாக இருந்தால் ரேகை மேலேயே தொடர்ந்து ஓடும். சீவினால் நடுவில் கண்ணாடி போலக் கெட்டியான கரு தெரியும்.

'மரு' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எதையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறோம்! உண்மையான மரு, தொற்றிப் பரவும் ஒரு வைரஸால் வருவது. கழுத்திலும் அக்குளிலும் காம்போடு தொங்குபவற்றுக்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை. நிறைய இருந்தால் சர்க்கரை பார்த்துவிடச் சொல்வேன். குழந்தைகளுக்கு முத்து முத்தாக, நடுவில் சிறு குழியோடு வருவது மொலஸ்கம். அதன் வைரஸே வேறு. முதியவர்கள் முதுகில் மெழுகை ஒட்டிவைத்தது போலிருப்பது செபோரிக் கெரட்டோசிஸ். டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாலே இவற்றில் பெரும்பாலானவை தெளிந்துவிடும்.

தெளியாதவைதான் கவலை. வேகமாக வளர்வது, தானாக ரத்தம் கசிவது, ஆறாமல் புண்ணாகவே இருப்பது, ஒரே மச்சத்தில் பல நிறம் தெரிவது, 6 மில்லிமீட்டரைத் தாண்டியும் பெரிதாகிக்கொண்டே போவது. இப்படி எதைக் கண்டாலும் பயாப்சிதான். மரத்துப்போக ஊசி போட்டு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் துண்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். 'கத்தி பட்டால் பரவிடுமே' என்று தயங்குகிறார்கள். பரவாது. எனக்குக் கோபம் வருவது, இன்னதென்று தெரியாமலே எரித்துவிடுகிறார்களே, அதில்தான். எரித்துவிட்டால் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க என்ன மிஞ்சும்? அதுவும் உள்ளங்காலில். கருநிறத் தோல்காரர்களுக்கு மெலனோமா என்ற புற்று வந்தால், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது.

குதிகால்காரரிடம் கையையும் காட்டச் சொன்னேன். கால் ஆணிக்குக் கை எதற்கு என்பது போலப் பார்த்தபடி நீட்டினார். கட்டைவிரல் நகத்தோரம் சொரசொரவென்று ஒரு சின்ன மேடு.

"கை நகத்துக்கும் அதே நகவெட்டிதானா?"

"ஆமா டாக்டர், வீட்டுல ஒண்ணுதான் இருக்கு."