இடர்க் காரணி: பிள்ளைகளின் நெடுங்கோவிட்டை ஒட்டி ஒரு சொல் விளக்கம்

‘ரிஸ்க் ஃபேக்டர்’ (தமிழில் இடர்க் காரணி) என்ற சொல் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு என்று பெரியவர்களின் நோய்களோடு நம் ஊருக்கு வந்தது. கொரோனாவுக்குப் பிறகு, தொற்று போன பின்னும் மாதக்கணக்கில் விடாத தொந்தரவான நெடுங்கோவிட்டை (லாங் கோவிட்) ஒட்டிப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சிலும் சேர்ந்துகொண்டது. காய்ச்சல் போய் மூன்று மாதமாகியும் மகளுக்கு அசதி விடவில்லை என்று கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு தாய் டாக்டரிடம் போகிறார். “பொண்ணுக்கு ஏற்கெனவே வீசிங் இருந்ததுல்ல, அது ஒரு ரிஸ்க் ஃபேக்டர்மா” என்கிறார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் அந்தத் தாய் சொல்வது: “வீசிங்தான் காரணமாம், அத்தை.” அவ்வளவுதான். பிள்ளைக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தது யார், மார்கழிப் பனியில் வெளியே விட்டது யார் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

டாக்டர் சொன்னது காரணத்தை அல்ல. இந்தச் சொல்லைத் தமிழில் சரியாகப் புரிந்துகொள்ளாததால் தாய்மார்கள் தலையில் வீண்பழி விழுகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு நோய் யாரிடம் அதிகம் காணப்படுகிறது என்று நிறைய பேரைப் பல காலம் பின்தொடர்ந்து கணக்கெடுப்பார்கள். வயது, பாலினம், உடல் எடை, பழைய நோய், வீட்டு நிலைமை என்று ஏதோ ஒரு தன்மை உள்ளவர்களிடம் அந்த நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தென்பட்டால், அந்தத் தன்மைக்கு ரிஸ்க் ஃபேக்டர் என்று பெயர். இது கூட்டத்தைப் பற்றிய செய்தி. தனி ஒரு பிள்ளையின் ஜாதகம் அல்ல. அந்தத் தன்மை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நோய் வராமலே போகலாம். எதுவுமே இல்லாத பிள்ளைக்கு வரவும் செய்யலாம். வள்ளுவர் ‘நோய்முதல்’ (நோயின் மூலகாரணம்) என்றாரே, அந்த இடத்தில் இங்கே இருப்பது கொரோனாவைத் தரும் சார்ஸ்-கோவ்-2 வைரஸ். வீசிங் அல்ல.

சொல் பிறந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 1948-இல் 5,209 பேரைச் சேர்த்து ஓர் இதய ஆய்வு ஆரம்பித்தார்கள். நோய் வந்த பிறகு ஏன் என்று கேட்காமல், நல்லபடியாக இருப்பவர்களையே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, யாருக்கு வருகிறது என்று எழுதிவைத்தார்கள். 1961-இல் வில்லியம் கானல் குழுவினர் அதன் ஆறாண்டு முடிவுகளை வெளியிட்டபோது கட்டுரைத் தலைப்பிலேயே இந்தச் சொல்லை ‘ஃபேக்டர்ஸ் ஆஃப் ரிஸ்க்’ என்ற வடிவில் வைத்தார்கள். அங்கிருந்துதான் இது மருத்துவ உலகம் முழுக்கப் பரவியது. ‘ரிஸ்க்’ என்பது இத்தாலிய, பிரெஞ்சு மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கப்பலில் சரக்கு ஏற்றி அனுப்பியவர்கள் வாயில் புழங்கிய சொல். கப்பல் கரை சேரலாம், சேராமலும் போகலாம் என்ற அந்த ‘லாம்’தான் சொல்லின் உயிர். ‘ஃபேக்டர்’ லத்தீனில் ‘செய்பவர்’ என்று பொருள்படும்.

தமிழில் ஆபத்துக் காரணி, அபாயக் காரணி, இடர்க் காரணி என்று பலவிதமாக எழுதுகிறார்கள். ஆபத்தும் அபாயமும் வடமொழியிலிருந்து வந்து நம் பேச்சில் ஊறிவிட்ட சொற்கள். அவற்றை விலக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. “உங்க பிள்ளைக்கு ஆபத்துக் காரணி இருக்கு” என்றால் பிள்ளை இப்போதே ஆபத்தில் இருப்பதாகத்தான் காதில் விழும். ‘அபாயம்’ என்றாலோ மின்கம்பத்தில் மண்டையோடு வரைந்து தொங்கும் பலகை நினைவுக்கு வரும்.

‘இடர்’ காவிரிக் கரைக்கு நன்கு பழகிய சொல். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் இருக்கும் திருவாவடுதுறையில் சம்பந்தர் பாடிய பதிகம் ‘இடரினும் தளரினும் எனதுறுநோய் தொடரினும்’ என்றுதான் தொடங்குகிறது. துன்பம் வந்தாலும், உடல் தளர்ந்தாலும், என்னைப் பற்றிய நோய் தொடர்ந்தாலும் உன் கழலைத் தொழுது எழுவேன் என்கிறார். இடர், தளர்ச்சி, தொடரும் நோய் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. நெடுங்கோவிட் வந்த பிள்ளையின் அம்மாவுக்கு இந்த வரியை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் சம்பந்தர் சொல்லும் இடர் வந்துவிட்ட துன்பம். வரக்கூடும் என்ற பொருள் அதில் முன்பு கிடையாது. இன்று நம் பகுதியில் இந்தச் சொல் அதிகம் கேட்பது ‘பேரிடர்’ என்ற வடிவில். 2004 சுனாமி, 2018 நவம்பரில் வந்த கஜா புயல் என்று நாகப்பட்டினமும் வேதாரண்யமும் அதை அனுபவித்தே அறிந்தவை. வெள்ளம் வருவதற்கு முன்பே தாழ்வான தெருக்களைக் குறித்துவைப்பதும் பேரிடர் மேலாண்மையில் அடங்கும் என்பதால், ‘வரக்கூடிய துன்பம்’ என்ற பொருளும் மெல்ல இடருக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அந்த வகையில் இடர்க் காரணி பொருந்துகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

‘காரணி’ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக் கணக்கில் ‘காரணிப்படுத்துக’ என்று பிள்ளைகள் எழுதுவது இதே சொல்தான். அங்கே 12-க்கு 3 ஒரு காரணி என்றால் 12-ஐ உண்டாக்கும் பெருக்கலில் 3-க்கும் ஒரு பங்கு உண்டு என்று பொருள். 3 தனியாக 12 ஆகிவிடாது. மருத்துவத்திலும் காரணியை இப்படித்தான் கேட்க வேண்டும். பல பங்குகளில் ஒரு பங்கு. வீட்டில் மட்டும் அது ‘காரணம்’ ஆகிவிடுகிறது.

அப்புறம் ‘வாய்ப்பு’. “நெடுங்கோவிட் வர வாய்ப்பு அதிகம்” என்று செய்திகளில் படிக்கிறோம். வேலை வாய்ப்பு, வாய்ப்புக்கு நன்றி என்று நல்லதற்கே பழகிய சொல்லை நோய்க்குப் பொருத்துவது எனக்கு நெருடலாக இருக்கிறது. ‘வரக்கூடும்’, ‘வர ஏதுவாகும்’ என்பவை இதைவிட இயல்பாக இருக்கின்றன. ‘ஏது’ பழைய சொல்தான், ஆனாலும் “இது சளி பிடிக்க ஏதுவாயிடும்” என்றால் கிராமத்தில் யாருக்கும் புரியும்.

இனி நெடுங்கோவிட். 2019-இல் தோன்றிய இந்த வைரஸ் நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2020 பிப்ரவரி 11 அன்று கோவிட்-19 என்று பெயர் வைத்தது. ‘லாங் கோவிட்’ அப்படி மேலிருந்து வந்த பெயர் அல்ல. 2020 மே மாதம், தானே நோயுற்றுத் தேறாமலிருந்த எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர் ட்விட்டரில் போட்ட குறிச்சொல் அது. இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, எனக்குச் சரியாகவில்லையே என்று நோயாளிகள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர். நோயாளியின் பேச்சை நம்பாமல் இந்த நோயைப் புரிந்துகொள்ள முடியாது என்பது இதன் பிறப்பிலேயே இருக்கிறது. பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். “சும்மா நடிக்கிறான், ஸ்கூலுக்குப் போகாமலிருக்க ஒரு சாக்கு” என்று சொல்லிவிடுவது அவ்வளவு சுலபம்.

பெரியவர்களுக்கான வரையறை 2021 அக்டோபரில் வந்தது. பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனி வரையறையை உலக சுகாதார நிறுவனம் 2023 பிப்ரவரியில்தான் வெளியிட்டது. தொற்றுக்குப் பின் மூன்று மாதத்துக்குள் தொடங்கி, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, விளையாட்டு, படிப்பு, பழக்கவழக்கம் என்று பிள்ளையின் அன்றாடத்தைப் பாதிக்கும் தொந்தரவுகள் என்பது அதன் சாரம். அசதி, வாசனை தெரியாமல் போவது, பதற்றம் மூன்றும் மற்றப் பிள்ளைகளைவிட இவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. 2024-இல் வந்த அமெரிக்காவின் ‘ரெக்கவர்’ ஆய்வு, வயதுக்கு ஏற்ப நோயின் முகம் மாறுகிறது என்று காட்டியது. 6 முதல் 11 வயதில் தலைவலி, வயிற்று வலி, கவனம் நிலைக்காமை, தூக்கக் கோளாறு. 12 முதல் 17 வயதில் வாசனை, சுவை மாறுவது, உடம்பு வலி, பகலிலேயே சோர்ந்து படுப்பது.

பதினாறு வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் தினமும் பள்ளிக்குப் போகிறவள், இப்போது வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறாள். ஒருநாள் பி.டி. பீரியடில் தோழிகளோடு நன்றாகத்தான் ஓடினாள். அடுத்த இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. ஓடும்போது அல்ல, ஓடிய மறுநாள் விழுவது இந்த நோயின் ஒரு முக்கியமான குறி. ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருந்தால் அவளைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள்.

அவள் வயதும் அவள் பெண் என்பதுமே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் இரண்டு இடர்க் காரணிகள். சின்னக் குழந்தைகளைவிட வளரிளம் பருவத்தினரிடம், அதிலும் பெண் பிள்ளைகளிடம், நெடுங்கோவிட் கூடுதலாகக் காணப்படுகிறது. வயதைப் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்குத் தலை வலித்தால் அது அழும், சாப்பாட்டைத் தள்ளும். “மறதியா இருக்கு” என்று சொல்லாது. ஆகவே சின்னவர்களிடம் குறைவு என்பதில் ஒரு பகுதி, அவர்களால் சொல்ல முடியாததாகவும் இருக்கலாம்.

மற்றக் காரணிகளில் முதலாவது, நோய் வந்தபோது எவ்வளவு கடுமையாக இருந்தது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்ததா என்பது. ஆனாலும் லேசாக வந்துபோன பிள்ளைகளுக்கும் நெடுங்கோவிட் வந்திருக்கிறது. முன்பே இருந்த உடல்நலக் குறைகளும் உண்டு. மாஸ்கோவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் கூடுதல் வயதும் ஒவ்வாமை நோய்களும் முன்னே நின்றன. இங்கிலாந்தில் 11 முதல் 17 வயதினரைப் பார்த்த ‘கிளாக்’ ஆய்வில், தொற்றுக்கு முன்பே உடலாலோ மனத்தாலோ நலிந்திருந்தவர்களிடம் அதிகம் தென்பட்டது. அதிக உடல் எடை, மறுபடியும் மறுபடியும் தொற்று ஏற்படுவது ஆகியவற்றையும் சேர்க்கிறார்கள். சாப்பாட்டுக்கும் வீட்டுச் செலவுக்கும் தட்டுப்பாடு உள்ள குடும்பங்களின் பிள்ளைகளிடம் கூடுதல் என்று அமெரிக்காவிலிருந்து அண்மையில் வந்த முடிவை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். வறுமையும் ஒரு இடர்க் காரணி என்று மருத்துவமே சொல்லும்போது, பழியைத் தாயின் மேல் போட எந்த நியாயமும் இல்லை.

தடுப்பூசி மறுபக்கத்தில் நிற்கிறது. இது இடரைக் குறைக்கும் ‘காப்புக் காரணி’. அமெரிக்க ஆய்வுகளில் தடுப்பூசி போட்ட பிள்ளைகளிடம் நெடுங்கோவிட் குறைவாகவே காணப்பட்டது. நம் நாட்டில் 15 முதல் 18 வயதினருக்கு 2022 ஜனவரி 3 அன்றும், 12 முதல் 14 வயதினருக்கு அதே ஆண்டு மார்ச் 16 அன்றும் ஊசி போடத் தொடங்கினார்கள். 2021 மார்ச்சில் தஞ்சை மாவட்டப் பள்ளிகளில் மாணவர்களிடையே தொற்று பரவியபோது அவர்கள் யாருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. (அடுத்து வந்த இரண்டாம் அலையின் வைரஸ் வகைக்கு 2021 மே 31 அன்று ‘டெல்டா’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க எழுத்தின் பெயர் அது. ‘டெல்டா மாவட்டங்கள்’ என்பதிலும் அதே எழுத்துதான், ஆற்று முகத்தின் முக்கோண வடிவத்துக்காக. மற்றபடி நம் ஊருக்கும் அந்த வகைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.)

பெரியவர்களுக்கான வரையறையில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்தத் தொந்தரவுக்கு வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கான வரையறையிலோ, வேறு நோய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டாலும் அதனாலேயே நெடுங்கோவிட் இல்லை என்று ஆகிவிடாது. ஆனாலும் நம் பகுதியில் வேறு நோய் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தை, மாசியில் சம்பா அறுப்பு. அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியும், தார்ச்சாலையிலேயே காயும் நெல்லும், வைக்கோல் சுணையும் சேர்ந்து ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இளைப்பைக் கொண்டுவந்துவிடும். அந்த மூச்சுத் திணறலை நெடுங்கோவிட் என்று எழுதிவிட்டால் தவறு. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அசதி என்று வரும் பெண் பிள்ளைக்கு முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிட வேண்டும். தைராய்டு, குடற்புழு, காசநோய் எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கின்றன. இவற்றுக்கு மருந்து இருக்கிறது, தவறவிடக் கூடாது. எல்லாம் பார்த்தும் ஒன்றும் இல்லை என்றால், “ஒண்ணுமில்ல, போ” என்று அனுப்பிவிடுவதும் தவறு. பெரும்பாலான பிள்ளைகள் நாளடைவில் தேறிவிடுகிறார்கள். தேறும்வரை ஓட்டத்தையும் படிப்பையும் உடம்பு தாங்கும் அளவுக்கு மட்டுப்படுத்திக்கொடுக்க வேண்டும்.

எழுத்தில் ‘இடர்க் காரணி’ என்றே வைத்துக்கொள்ளலாம். தாயிடம் நேரில் பேசும்போது அதுவும் வேண்டாம். “வீசிங் இருக்கிற பிள்ளைங்களுக்கு இந்த அசதி கொஞ்சம் கூடுதலா வருதும்மா. அதனாலதான் வந்துச்சுன்னு சொல்லல. இவள நாம கூடுதலா கவனிச்சுக்கணும், அவ்வளவுதான்” என்றால் போதும். மாமியாருக்கும் அதுவே போய்ச் சேரும்.

எழுதும் முறை: ‘இடர் காரணி’ என்று ஒற்று இல்லாமலும் காண்கிறோம். இடருக்கு உரிய காரணி என்று விரிவதால் ‘க்’ வர வேண்டும், ஏர்க்கால், ஊர்க்குளம் என்பதுபோல. ‘நெடு’வின் பின் கோவிட் வரும்போது நெடுங்காலம், காரைக்கால் பக்கத்து நெடுங்காடு போல ‘ங்’ தோன்றி நெடுங்கோவிட் ஆகும். ‘நீண்டகாலக் கோவிட்’ என்று எழுதினாலும் பிழையில்லை.