ஒட்டுத் தாடி தெரியுதே!

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சின்ன வயதில் பார்த்த மாயாஜாலப் படமொன்றைத் திருகோணமலையில் திரும்பப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் உவர்மலையிலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கினார். இடைவேளையில் கச்சான் சரையைப் பிரித்தபடி கேட்டார்: "மருமகன், அந்த முனிவருக்கு ஒட்டுத் தாடியடா. அப்ப எனக்குத் தெரியேல்லையே! கண் ஒப்பரேசனுக்குப் பிறகுதான் தெரியுதோ?"

கண்ணில் பிழையில்லை. அந்தத் தாடியின் விளிம்பு அன்றைக்குத் திரை வரைக்கும் வந்து சேரவேயில்லை.

கமராவுக்குள் ஓடியது நெகடிவ். படமாளிகைக்கு வந்தது அதிலிருந்து எடுத்த கொப்பி. பல வேளை கொப்பியின் கொப்பி. ஒவ்வொரு தடவையும் நுணுக்கம் கொஞ்சம் கரையும். மிச்சத்தைப் புரொஜெக்டர் பார்த்துக்கொள்ளும். 35 மில்லிமீற்றர் சுருளில் படம் விழும் சட்டத்தின் அகலம் சுமார் 21 மில்லிமீற்றர்தான். அது 12 மீற்றர் திரையில் விரிந்தால் 570 மடங்குப் பெருக்கம். செக்கனுக்கு 24 தடவை சுருளை இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி ஓட்டும் இயந்திரத்தில் சட்டம் ஒரு 0.02 மில்லிமீற்றர் ஆடினாலே திரையில் அது 11 மில்லிமீற்றர். தாடியைத் தோலில் ஒட்டிய மெல்லிய வலை அந்த ஆட்டத்துக்குள் மறைந்துவிடும். ஒப்பனைக்காரர்களும் இதைத் தெரிந்துதான் வேலை செய்தார்கள்.

மாமா இரண்டாம் தடவை அதைப் பார்த்தது வாடகை டெக்கில், விடிய விடிய ஓடிய மூன்று படங்களில் ஒன்றாக. வீடியோ நாடாவில் குறுக்காக ஏறக்குறைய 240 கோட்டு நுணுக்கம்தான் தேறும். நிறம் அதைவிட மோசம். தாடியா, நிழலா என்றே பிரித்தறிய முடியாது.

இப்போதைய மீள்வருகைக்கு, கிடைத்தால், மூல நெகடிவையே ஸ்கான் செய்கிறார்கள். சிவப்பு, பச்சை, நீல ஒளியில் ஒவ்வொரு சட்டமும் 4096 புள்ளி அகலத்தில் பதிவாகிறது. கீறல்களுக்கு ஒரு அழகான வித்தை உண்டு. டச்சு விரிகுடாக் கரையில் கடல் தேய்த்த போத்தல் துண்டைப் பொறுக்கியிருப்பீர்கள். காய்ந்திருந்தால் பால்போல மங்கல், நனைத்தால் தெளிவு. கரடுமுரடில் சிதறிய ஒளியைத் தண்ணீர் நேராகப் போகவிடுகிறது. ஒளியைப் பிலிமைப் போலவே வளைக்கும் ஒரு திரவத்தில் சுருளை நனைத்து ஸ்கான் செய்தால், அடிப்பக்கத்துக் கீறல்களும் அப்படித்தான் காணாமல் போகும். தூசுக்கு அகச்சிவப்புக் கதிர்: கலர்ப் பிலிமின் சாயங்கள் அதை ஊடுருவ விடும், தூசு மறிக்கும். ஆகவே எது தூசு என்று கணினிக்குத் தெரிந்துவிடும். கறுப்பு வெள்ளையில் இது பலிக்காது. அங்கே படமே வெள்ளித் துகள், அதுவும் கதிரை மறிக்கும்.

நம்மூர் வெக்கையும் ஈரப்பதமும் பிலிமுக்கு எமன். பழைய கலர்க் கொப்பிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறி, எல்லாரும் ரோஸ் நிறமாகிவிடுவார்கள். அசிற்றேற்று என்ற பிளாஸ்டிக்கில் செய்த சுருள் சிதையத் தொடங்கினால் பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணக்கும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரட்டும். 1964 இல் வந்த 'கர்ணன்' 2012 இல் டிஜிட்டலாகப் புதுப்பிக்கப்பட்டு ஓடியதென்றால், தாங்குமளவுக்கு ஏதோ மிஞ்சியிருந்தது என்றுதான் அர்த்தம்.

4096 புள்ளி எதற்கு? சராசரிக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். 15 மீற்றர் தள்ளி இருந்தால் அது திரையில் 4.4 மில்லிமீற்றர். 12 மீற்றர் திரையை 2048 புள்ளியாக்கினால் ஒன்று ஏறக்குறைய 6 மில்லிமீற்றர், கண்ணுக்குப் பிடிபடும். 4096 என்றால் 3, பிடிபடாது. முன்வரிசைக்காரருக்கு இந்தக் கணக்கு உதவாது, அது வேறு கதை.

வேடிக்கை என்னவென்றால், 2000களின் தொடக்கத்தில் வந்த கணினி மாயாஜாலப் படங்கள் பலவற்றுக்கு இந்த வசதியில்லை. பறக்கும் நாகத்தைக் கணினியே 2048 புள்ளி அகலத்தில் வரைந்து முடித்துவிட்டது. திரும்பிப் போய் ஸ்கான் செய்ய நாகத்துக்கு நெகடிவ் இல்லை. ஊதிப் பெருப்பிக்கத்தான் வேண்டும்.

"பாட்டும் கொஞ்சம் கனத்துப்போச்சு," என்றார் மாமா. அதுவும் சரிதான். நமது தொலைக்காட்சி முறையில் செக்கனுக்கு 25 சட்டம். 24 சட்டப் படத்தை அதற்கு மாற்றும்போது வழக்கமாகச் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். குரல் 4 வீதம் உயரும். மூன்று மணிநேரப் படம் ஏழு நிமிடம் முந்தி முடியும். டெக்கில் கேட்டுப் பழகிய காதுக்குச் சரியான சுருதிதான் பிழையாகப் படும்.

சில புதுப்பிப்புகளில் பிலிமின் மணிமணியான துகளையும் அழுக்கென்று நினைத்து வழித்துவிடுகிறார்கள். முகங்கள் மெழுகு பூசினதுபோல் ஆகிவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தத் துகள்தான் படம்.

இடைவேளைக்குப் பிறகு நாயகன் வானத்தில் பறந்தான். மாமா முன்னுக்குக் குனிந்து கம்பியைத் தேடினார். கம்பி இல்லை, யாரோ கணினியில் அழித்திருக்க வேண்டும்.

"இவ்வளவு செய்தவன்," என்றார், "அந்தத் தாடியையும் ஒருக்கா ஒழுங்கா ஒட்டியிருக்கலாம்."