பாலூட்டிகளின் குடும்பத்தைத் தீர்மானிப்பது எது?

பறவை இனங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது, இணை சேர்ந்து வாழ்பவை. பாலூட்டிகளிலோ பத்தில் ஒன்றுகூடத் தேறாது. காரணம் பால். கரு வளர்வது தாயின் வயிற்றில். பிறந்த குட்டிக்கு உணவு சுரப்பதும் அவளிடமே. தந்தை விலகிப் போனாலும் பெரும்பாலான குட்டிகள் பிழைத்துக்கொள்ளும். அதனால் பெண் இரையைத் தேடிப் போகிறது, ஆண் பெண்ணைத் தேடிப் போகிறது. பாலூட்டிச் சமூகங்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை என்பேன்.

யானைச் சீல் என்னும் கடல் பாலூட்டிகளில் பெண்கள் குட்டி ஈன ஒரே கடற்கரையில் நெருக்கியடித்துக் கூடுகின்றன. சண்டையில் வென்ற ஆணுக்குப் பல பெண்கள் வாய்க்கின்றன. ஆணின் உடல் பெண்ணைவிடப் பல மடங்கு பெருத்தது இதனால்தான்.

பெண்கள் தனித்தனியே சிதறி வாழ்ந்தால் கதை மாறிவிடும். ஆப்பிரிக்கப் புதர்க்காட்டில் வாழும் டிக்-டிக் மானைப் பாருங்கள். எடை ஐந்து கிலோ அளவுதான். பெண் எங்கே போனாலும் ஆண் பின்னாலேயே போகிறது. அவள் சாணமிட்ட இடத்தை முகர்ந்து, முன்னங்காலால் மண்ணைக் கிளறி மூடி, அதன்மேல் தன் சாணத்தையும் இடுகிறது. அவள் இணைசேரும் பருவத்தில் இருப்பது வாசனையால் அக்கம்பக்கத்து ஆண்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது! இந்த ஆண் குட்டியை வளர்க்க எதுவும் செய்வதில்லை. பார்ப்பவர்கள் பாசம் என்று நினைப்பது உண்மையில் காவல். ஏறத்தாழ 2,500 இனங்களை ஒப்பிட்டு லூகாஸும் கிளட்டன்-பிராக்கும் 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: தனித்து வாழும் பெண்களைக் காக்கும் தேவையிலிருந்தே ஒருதுணை வாழ்க்கை உருவானது, தந்தையின் பராமரிப்பு பின்னர் வந்து சேர்ந்தது.

பாலுக்குக் கொடூரமான ஒரு விளைவும் உண்டு. பாலூட்டிக்கொண்டிருக்கும் வரை தாய் மீண்டும் கருவுறுவது தள்ளிப்போகிறது. 1960களில் தார்வாட் காடுகளில் அனுமன் குரங்குகளைக் கவனித்த ஜப்பானிய ஆய்வாளர் சுகியாமா, கூட்டத்தைக் கைப்பற்றிய புதிய ஆண் கைக்குழந்தைகளைக் கொல்வதைப் பதிவுசெய்தார். குட்டி இறந்தால் தாய் விரைவில் கருவுறத் தயாராகிவிடும். சிங்கங்களிலும் இதே கணக்குதான்.

மறுகோடியில் இருப்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் ரோமமற்ற துன்னெலி. அதன் உணவான கிழங்குகள் வறண்ட மண்ணுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. தனியாகத் தோண்டி அலைந்தால் பட்டினிதான். எனவே பல பத்து எலிகள் சேர்ந்து சுரங்கம் தோண்டுகின்றன. அவற்றுள் ஈனுவது ஒரே ஒரு ராணி என்பதை 1981-இல் ஜெனிபர் ஜார்விஸ் உலகுக்குச் சொன்னார். ராணி இறந்தால் மற்றப் பெண்கள் கடுமையாகச் சண்டையிடுகின்றன. வென்றவளின் முதுகெலும்புகள், வளர்ந்து முடிந்த பிறகும் மீண்டும் நீள்கின்றன. குட்டிகளைச் சுத்தம் செய்யவும் காக்கவும் கூட்டமே இருக்கிறது. பால் கொடுப்பது மட்டும் அங்கும் ராணி ஒருத்திதான்.