கிணற்றை மூடிய பிறகு யார் பொறுப்பு?

காற்றில் கலக்காமல் நிலத்தடியில் நிரந்தரமாகச் சேமிக்க, கரியமில வாயுவைக் கிணறு வழியாக 800 மீட்டருக்குக் கீழே இறக்கினால், அங்குள்ள அழுத்தத்தில் அது திரவம்போல் அடர்ந்துவிடும். மேலே களிப்பாறை மூடியிருந்தால் தானாக ஏறி வருவது அரிது. எண்ணெய் தேடி எப்போதோ துளைத்து, சிமென்ட் சரியாக அடைக்காமல் விட்ட ஒரு கிணறு குறுக்கே இருந்தால் கதை வேறு. சேமிப்புக்கான உரிமக் கோப்பில் அதிக வேலை வாங்குவது இந்தப் பழைய கிணறுகள்தான்.

அமெரிக்காவில் 2010-ல் வந்த ‘ஆறாம் வகுப்புக் கிணறு’ (கரியமில வாயுவைச் சேமிக்கச் செலுத்தும் கிணறு) விதிகள், பழைய கிணறுகளை எவ்வளவு தூரம் வரை தேட வேண்டும் என்று சொல்கின்றன. வாயு பரவும் எல்லையோடு நிறுத்த முடியாது. அழுத்தம் வாயுவுக்கு வெகுதூரம் முன்னே ஓடும்; அடியிலுள்ள உப்புநீரைக் குடிநீர் அடுக்குக்குத் தள்ளும். அந்த எல்லை வரை ஒவ்வொரு கிணற்றின் ஆவணத்தையும் தோண்டி எடுத்து, அடைப்பு சரியில்லாததைச் சீர்செய்ய வேண்டும். இந்த எல்லைக் கணிப்பை 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும். செலுத்தும் அழுத்தம், பாறை பிளக்கும் அழுத்தத்தில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் தவறு நடக்கும். ஈரம் பட்டால் கரியமில வாயு அமிலமாகி எஃகை அரிக்கும். இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டரில் ஆழ்நிலைக் கண்காணிப்புக் கிணறு ஒன்று அரித்துப்போய், திரவம் அனுமதித்த அடுக்கைத் தாண்டிக் கசிந்தது 2024-ல் வெளியே தெரிந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

வாயு தங்கும் பாறையின் நுண்துளைகள் யாருக்குச் சொந்தம் என்பதில் ஊருக்கு ஒரு சட்டம். வயோமிங் 2008-ல் மேல்நிலத்துக்காரருக்குக் கொடுத்தது. கனடாவின் ஆல்பர்ட்டா 2010-ல் அரசுடைமை ஆக்கியது.

உண்மையான இழுபறி மூடிய பிறகுதான். அமெரிக்க விதியில் கண்காணிப்பு வழக்கமாக 50 ஆண்டு. ஆபத்து இல்லை என்று நிரூபித்தால் குறைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 உத்தரவு, பொதுவாக 20 ஆண்டு கழித்துப் பொறுப்பை அரசு ஏற்க வழி வைத்திருக்கிறது. வாயு நிரந்தரமாக அடைபட்டதற்குச் சான்று வேண்டும், கருவிகளை அகற்றியிருக்க வேண்டும், அடுத்த 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவுக்காவது பணம் கட்ட வேண்டும். அதற்கு முன் கசிந்தால், கசிந்த அளவுக்கு உமிழ்வு அனுமதிகளை (வாயு வெளியிடச் சந்தையில் விற்கும் உரிமங்கள்) நிறுவனம் ஒப்படைக்க வேண்டும். அன்றைக்கு அவை என்ன விலை விற்குமோ, யார் கண்டது? எத்தனை டன் கசியும் என்பதும் தெரியாது. காப்பீட்டுக்காரர்கள் பின்வாங்குவதில் வியப்பில்லை.

பொறுப்பை அரசிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவும் முடியாது. தரவை மறைத்ததோ அலட்சியமோ பின்னால் தெரியவந்தால், அரசு தன் செலவைப் பழைய நிறுவனத்திடமே வசூலிக்கும்.