விடுமுறைக் காதலும் முதல் 72 மணி நேரமும்

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “விடுமுறைக்குப் போன நாட்டில் ஒருவருடன் நெருக்கமாகப் பழகினேன். ஒருமுறை ஆணுறை இல்லாமல் உறவு நடந்தது. நாலு நாள் கழித்து ஊர் திரும்பியதும் எச்ஐவி பரிசோதனை செய்துகொண்டேன், நெகட்டிவ். இனி நிம்மதியாக இருக்கலாமா?”

அந்த நெகட்டிவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தொற்றியிருந்தாலும், நாலாம் நாளில் எந்தப் பரிசோதனையாலும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில்தான் வைரஸ் இருக்கும்.

காதலையோ உடலுறவையோ தேடி ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் பெண்கள் ஜமைக்கா, காம்பியா, கென்யக் கடற்கரை, பாலி என்று போய்வருவது பல பத்தாண்டுகளாக நடப்பதுதான். ஜமைக்காவில் இதைக் கவனித்த மானுடவியலாளர்கள் டெபோரா ப்ரூயிட்டும் சூசன் லாஃபான்டும் 1995-இல் இதற்குக் ‘காதல் சுற்றுலா’ என்று பெயர் வைத்தார்கள். இங்கே பெரும்பாலும் விலை பேசுவதில்லை. சாப்பாட்டுச் செலவு, பரிசு, பழகும் உள்ளூர்க்காரன் வீட்டுக்குக் கொஞ்சம் பண உதவி என்று போகும். அதனால் இருவருக்குமே இது காதலாகவே தெரிகிறது, காதலனிடம் ஆணுறையை எடுத்து நீட்டுவது அவனைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுகிறது. யார் யாருடன் போகிறார்கள் என்பது வயதுவந்தவர்களின் சொந்த விஷயம், அதில் எனக்குப் பிரசங்கம் எதுவும் இல்லை. ஆனால் போன மாதம் வந்த பயணியிடமிருந்து அவனுக்கும், அவனிடமிருந்து இந்த மாதம் வந்தவளுக்கும் தொற்று போகலாம். ஆபத்து இரு பக்கமும்தான்.

சரி, வைரஸுக்கு வருவோம். யோனியின் உட்சுவர் பல அடுக்குத் தட்டையான செல்களால் ஆனது. அங்கே வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து அமிலத்தன்மையைப் பிஎச் 4-க்கு அருகில் வைத்திருக்கின்றன. விந்து சில மணி நேரத்துக்கு அந்த அமிலத்தைத் தணித்துவிடும். இருந்தாலும் தடுப்பு வலுவானதுதான். சிகிச்சை எடுக்காத எச்ஐவி உள்ள ஆணுடன் 10,000 முறை யோனிவழி உறவு கொண்டால், பெண்ணுக்குத் தொற்றுவது சராசரியாக 8 முறை. உறவுக்குப் பின் உள்ளே நன்றாகக் கழுவிவிட்டால் போதும் என்றொரு நம்பிக்கை உலகமெங்கும் சுற்றுகிறது. அப்படிக் கழுவுவது நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து வெளியேற்றிவிடும், ஆபத்தைக் கூட்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உடலுறவு வழியாக வரும் எச்ஐவி தொற்றுகளில் சுமார் 80 சதவீதம் ஒரே ஒரு வைரஸிலிருந்து கிளம்பியவை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. கோடிக்கணக்கில் வந்தவற்றில் ஒன்றுதான் தடுப்பைத் தாண்டிக் காலூன்றுகிறது. முதல் சில நாட்கள் அது வளர்வதும் சளிச்சவ்வின் ஒரு சிறு புள்ளியில்தான். சுற்றிலும் போதிய இரை இல்லை, அப்படியே அணைந்துபோக வேண்டிய தொற்று. ஏன் அணைவதில்லை?

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி ஹாசேயின் குழு மக்காக் குரங்குகளில் இதைத் தேடி, 2009-இல் விடையை வெளியிட்டது. அந்நிய வைரஸை உணர்ந்ததும் மேற்பரப்புச் செல்கள் வேதிச் சமிக்ஞை அனுப்புகின்றன. அதைக் கேட்டு உடலின் காவலர்களான டென்ட்ரிட்டிக் செல்களில் ஒருவகை வந்து சேர்கின்றன, அவை இன்னும் பலமாகக் கூப்பிடுகின்றன. அந்தக் கூப்பாட்டுக்கு ஓடி வருபவை சிடி4 டி செல்கள் எனப்படும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள். எச்ஐவிக்கு இரையே இந்தச் செல்கள்தான்! தீயை அணைக்க வந்தவர்கள் ஆளுக்கொரு குடம் எண்ணெயோடு வந்தது போல. உடல் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் தொற்று பிழைக்கிறது. இதைச் சோதிக்க, உணவிலும் அழகுப்பொருட்களிலும் சேர்க்கப்படும் கிளிசரால் மோனோலாரேட் என்ற சாதாரணப் பொருளைத் தடவி அந்தச் சமிக்ஞையை அடக்கிப் பார்த்தார்கள். பெரும்பாலான குரங்குகள் தப்பின.

வெட்டை நோய் (கொனோரியா), கிளமிடியா, ஹெர்பீஸ் போன்ற பால்வினைத் தொற்று ஏற்கெனவே இருந்தால் எச்ஐவி ஆபத்து கூடுவதன் ஒரு காரணமும் இதனால் புரிகிறது. அங்கே அழற்சி முன்பே தொடங்கிவிட்டது, டி செல்கள் கூட்டமாக நிற்கின்றன. வைரஸ் யாரையும் கூப்பிட வேண்டியதே இல்லை.

ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்தப் புள்ளி பெருகி, நிணநீர்க் கணுக்கள் வழியாக உடலெங்கும் பரவுகிறது. டி செல்லின் டிஎன்ஏவுக்குள் தன்னைச் செருகிக்கொண்டு அங்கங்கே ஒளிந்துவிட்டால் முழுதாக வெளியேற்ற இன்றைக்கும் எல்லோருக்குமான வழியில்லை. பெப் எனப்படும் அவசர மருந்துகள் அதற்கு முன்பே வேலையை முடிக்க வேண்டும். அவற்றில் டெனோஃபோவிர் வைரஸின் ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாறுவதைத் தடுக்கும், டோலுடெக்ராவிர் செருகுவதைத் தடுக்கும். 1998-இல் வெளியான குரங்குச் சோதனையில், வைரஸைச் செலுத்தி 24 மணி நேரத்துக்குள் டெனோஃபோவிரைத் தொடங்கி 28 நாள் பெற்றவை அனைத்தும் தப்பின. 48, 72 மணி நேரம் தாமதித்தபோதும், பத்து நாளில் நிறுத்தியபோதும் பாதுகாப்பு குறைந்தது. இன்று மனிதர்களுக்கு வைத்திருக்கும் உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும் என்ற விதிக்கு இப்படிப்பட்ட சோதனைகளே அடித்தளம். அதாவது ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பெரும்பாலும் நேரம் கடந்துவிடும். பயணம் போன நாட்டிலேயே மருத்துவமனை தேட வேண்டும்.

பரிசோதனைக்கு வேறு கணக்கு. வைரஸின் ஆர்என்ஏ இரத்தத்தில் தெரிய 10 முதல் 33 நாள், வைரஸின் புரதத்தையும் அதற்கு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் தேடி ஆய்வகத்தில் செய்யும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி பரிசோதனைக்கு 18 முதல் 45 நாள். ஆகவே வாசகி 45 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை ஆணுறை. வெட்டை நோயும் கிளமிடியாவும் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் கருக்குழாய்வரை போய்க் குழந்தைப்பேற்றைக் கெடுக்கும் என்பதால் அவற்றுக்கும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அவசரக் கருத்தடைக்கு ஐந்து நாள்தான் கெடு. கொசுவாலும் உடலுறவாலும் பரவும் ஜிகா வைரஸ் உள்ள இடத்திலிருந்து திரும்பிய பெண் கருத்தரிக்க இரண்டு மாதம் பொறுக்க வேண்டும்.

எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் லெனகாபாவிர் மருந்தைச் சோதித்து 2024-இல் வந்த முடிவைப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஆண்டுக்கு இரண்டே ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூட எச்ஐவி வரவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்து, ஆப்பிரிக்காவின் பல எச்ஐவி மையங்களைத் தடுமாற வைத்தது. மருந்து கைக்கு வந்த நேரத்தில் பணத்தை இழுத்துக்கொள்வது சிக்கனம் அல்ல, முட்டாள்தனம். அமெரிக்காவில் இந்த ஊசிக்கு ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல் விலை. ஏழை நாடுகளுக்கான ஜெனரிக் வடிவத்தை 2027-இலிருந்து சுமார் 40 டாலருக்குத் தருவதாக அறிவித்திருக்கிறார்கள்.