எலி வளையானாலும்: ஹாம்ஸ்டர் ஏன் கம்பியைக் கடிக்கிறது?

இரவு ஒரு மணி இருக்கும். கூடத்தில் கடக், கடக் என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், மூன்று நாள் முன்பு மகளுக்காக வாங்கி வந்த ஹாம்ஸ்டர், எலி போன்ற அந்தச் சின்னச் செல்லப்பிராணி, கூண்டின் மூலையில் பின்னங்காலில் நின்றபடி கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒரே கம்பி, ஒரே இடம். பற்களை மாட்டி இழுக்கும், விடும், மறுபடி மாட்டும். நடுவில் சக்கரத்தில் ஏறி இரண்டு நிமிடம் ஓடும். இறங்கி அதே மூலைக்கு வந்துவிடும். மூக்கின் மேலே ரோமம் தேய்ந்து இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது.

வெளியே விட்டு விளையாடவிட்டால் அடங்கிவிடும் என்று நினைத்தோம். விட்டதும் சுவரோரமாகவே ஓடி அலமாரிக்கு அடியில் புகுந்தது. இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. உள்ளேயும் நிம்மதி இல்லை, வெளியேயும் இல்லை. ஹாம்ஸ்டர் வளர்க்கும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. இதைச் சேட்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த உயிர் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று தெரிந்தால், அது எதைத் தேடுகிறது என்பது புரியும்.

வீடுகளில் வளர்க்கும் ஹாம்ஸ்டர்களில் பெரிய வகை, பொன்னிறச் சிரிய ஹாம்ஸ்டர். சிரியாவின் அலெப்போ நகரைச் சுற்றியும் அதையொட்டிய தெற்குத் துருக்கியிலும் உள்ள வயல்வெளிகள்தான் அதன் ஊர். ஜெருசலேமில் லீஷ்மேனியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோயை ஆராய்ந்துகொண்டிருந்த சால் ஆட்லருக்கு ஆய்வுக்கு ஹாம்ஸ்டர்கள் தேவைப்பட்டன. அவருக்காக விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி 1930-ல் அலெப்போவுக்குப் போனார். ஒரு கோதுமை வயலில் ஆட்களை வைத்துத் தோண்டினார். சுமார் 8 அடி ஆழத்தில் ஒரு தாயும் 11 குட்டிகளும் கிடைத்ததாக எழுதியிருக்கிறார். பெட்டியில் போட்டதும் தாய் தன் குட்டி ஒன்றையே கடித்துக் கொன்றது. ஜெருசலேமுக்குக் கொண்டுவந்த பிறகு, மரக்கூண்டின் அடிப்பலகையைக் கொறித்துச் சில குட்டிகள் தப்பின. மிஞ்சிய ஒரு சில குட்டிகளின் வம்சம்தான் இன்று உலகெங்கும் வீடுகளில் இருக்கும் சிரிய ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே.

அதாவது, இன்றைய வீட்டு ஹாம்ஸ்டர்களின் முதல் தலைமுறையே தன் கூண்டைக் கொறித்தது. அன்றிலிருந்து நூறு வருடம்கூட ஆகவில்லை. நாய் நம்மோடு வாழப் பழகியதற்குப் பல ஆயிரம் வருடங்கள் பிடித்தன. ஹாம்ஸ்டர் உடம்பளவில் இன்னும் அந்தக் கோதுமை வயலில்தான் இருக்கிறது.

ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோல்ஃப் காட்டர்மன் குழு, பிற்காலத்தில் அதே பகுதிக்குப் போய் 30 வளைகளை அளந்தது. 2001-ல் வெளியான அந்த ஆய்வின்படி, வளைகள் 36 முதல் 106 செ.மீ. வரை ஆழமானவை, சராசரி 65 செ.மீ. உள்ளே படுக்க ஓர் அறை, தானியம் சேர்க்க ஓர் இடம், அவற்றை இணைக்கும் சுரங்கங்கள். ஒரு வளையில்கூட வளர்ந்த ஹாம்ஸ்டர்கள் இரண்டு சேர்ந்து இல்லை. 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று நம் பெரியவர்கள் சொன்னது மனிதர்களுக்காகத்தான். ஹாம்ஸ்டருக்கோ அது எழுத்துக்கு எழுத்து உண்மை. துணைக்கு இருக்கட்டுமே என்று இரண்டு சிரிய ஹாம்ஸ்டர்களை ஒரே கூண்டில் போடுவதைப் போலக் கெடுதல் வேறில்லை. வளர்ந்ததும் ஒன்றை ஒன்று கடித்துக் கொன்றேவிடலாம்.

இப்போது கடையில் தரும் வழக்கமான கூண்டைப் பாருங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மரச்சீவல். சுற்றிலும் வெளிச்சம். வளையில் வாழும் உயிர் தோண்டிப் பார்க்கிறது. உடனே பிளாஸ்டிக் தரை தட்டுகிறது. தோண்ட வேண்டும் என்ற உந்துதல் மட்டும் அப்படியே இருக்கிறது. அது எங்கே போகும்? கம்பிக்குப் போகிறது.

இதைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹாம்ஸ்டர்களை மூன்று குழுவாகப் பிரித்து 10, 40, 80 செ.மீ. ஆழத்தில் படுகை, அதாவது தோண்டுவதற்கான அடிநிரப்பு, போட்டார்கள். 10 செ.மீ. படுகையில் இருந்தவைதான் மற்றவற்றைவிட அதிகமாகக் கம்பியைக் கடித்தன. சக்கரத்திலும் அதிகமாக ஓடின. 2006-ல் வந்த இந்த முடிவைப் படித்தபோதுதான் எங்கள் வீட்டு இரவுச் சத்தத்துக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது. விளையாட்டுச் சாமான் போதாமல் அது தவிக்கவில்லை. அதற்கு ஆழம் போதவில்லை.

ஆழம் இருந்தால் மட்டும் போதாது, சுரங்கம் சரியாமல் நிற்கவும் வேண்டும். வெறும் மரச்சீவல் தோண்டத் தோண்டச் சரிந்துவிடும். காகிதப் படுகையோடு காய்ந்த புல்லை அடுக்கடுக்காகக் கலந்து கையால் நன்றாக அழுத்தினால், புல் இழைகள் குறுக்கே பிடித்துக்கொண்டு சுரங்கத்தின் கூரையைத் தாங்கும். பதப்படுத்தாத பைன், தேவதாரு சீவல் வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் நெடி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். நாங்கள் கம்பிக்கூண்டை விட்டுவிட்டு ஒரு பழைய மீன்தொட்டிக்கு மாறினோம். மேலே வலை மூடி, ஒரு பக்கம் ஒன்றரை அடிக்குப் படுகை. தொட்டியின் நீளம் ஒரு மீட்டர், அகலம் அரை மீட்டர். ஜெர்மானிய விலங்குநலக் கால்நடை மருத்துவர் சங்கம் சொல்லும் குறைந்தபட்ச அளவு அது. முதல் இரவே சுண்டல் (மகள் வைத்த பெயர்) உள்ளே போய்விட்டது. விடிகாலையில் கண்ணாடியோரமாகப் பார்த்தால், சுரங்கத்தின் வளைவில் முன்கால்களால் புல்லைப் பின்னால் தள்ளித் தள்ளி, தலையால் முட்டிச் சுவரை இறுக்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் வாசனை. சிரிய ஹாம்ஸ்டரின் இரண்டு விலாவிலும் ஒவ்வொரு சுரப்பி உண்டு. ரோமத்தை விலக்கிப் பார்த்தால் கரும்புள்ளியாகத் தெரியும். நடக்கும்போது அதைச் சுவரில் உரசி உரசி, 'இது என் இடம்' என்று எழுதி வைக்கிறது. கிட்டப்பார்வை கொண்ட அந்த உயிருக்கு, வீடு என்றால் அந்த வாசனைதான். நாம் என்ன செய்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, சோப்பு போட்டுக் கழுவி, புதுப் படுகை நிரப்புகிறோம். நமக்குச் சுத்தம், அதற்கு ஊர் பெயர்ந்த கதி. சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் அவ்வப்போது அள்ளினால் போதும். முழுதாக மாற்ற வேண்டி வந்தால் பழைய படுகையில் பாதியைத் திரும்பப் போடுங்கள், கூட்டைக் கலைக்காதீர்கள்.

சக்கரத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. உடலின் கடிகாரத்தைப் பற்றி அறிவியல் கற்றதில் பெரும்பங்கு ஹாம்ஸ்டரின் சக்கரத்திலிருந்து வந்ததுதான். சக்கரம் எப்போது சுற்றுகிறது என்று பதிவு செய்தால், அது விழித்திருக்கும் நேரம் கோடுகோடாகக் கிடைத்துவிடும். மார்ட்டின் ரால்ஃப், மைக்கேல் மெனேக்கர் இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், மரபணு மாற்றத்தால் 24 மணிக்குப் பதில் சுமார் 20 மணி நேரத்தையே ஒரு நாளாகக் கொண்ட ஹாம்ஸ்டர்களைப் பதிவு செய்தார்கள். 1990-ல், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே உள்ள சின்னஞ்சிறு மூளைப்பகுதியை ஒரு ஹாம்ஸ்டரிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குப் பொருத்தியபோது, கொடுத்ததன் நேரக்கணக்கு பெற்றதற்கு வந்துவிட்டது. கடிகாரம் எங்கே இருக்கிறது என்பது அப்படித்தான் உறுதியானது.

அந்தக் கடிகாரத்தை முள் திருப்பி வைப்பது வெளிச்சம். இரவு பதினொன்றுக்கு ஒருநாள், ஒன்பதுக்கு ஒருநாள் என்று விளக்கை அணைக்கும் வீட்டில், ஹாம்ஸ்டருக்கு எப்போது மாலை என்றே பிடிபடாது. கூண்டு இருக்கும் அறையில் தினமும் ஒரே நேரத்தில் இருட்டு வரட்டும். பகலில் தூங்குவதை எழுப்பி விளையாடக் கூப்பிடக் கூடாது. இதில் ஒரு வியப்பும் உண்டு: கூண்டில் இரவு முழுக்கத் திரியும் இந்த விலங்கைத் துருக்கி வயல்களில் கவனித்தபோது, பெண் ஹாம்ஸ்டர்கள் காலையிலும் மாலையிலும்தான் வெளியே வந்தன. காட்டர்மன் குழு 2008-ல் இதை எழுதியது. எங்கள் சுண்டலும் பொழுது சாய்ந்து ஏழு மணிக்கு மேல்தான் தலை நீட்டும். விளையாட்டு நேரத்தை அப்போதுக்கு மாற்றிக்கொண்டோம்.

சக்கரம் பெரிதாக இருக்கட்டும். ஓடும்போது முதுகு வில்லாக வளைந்தால் அது சின்னது. 23 செ.மீ., 35 செ.மீ. என இரண்டு சக்கரம் வைத்துச் சோதித்தபோது சிரிய ஹாம்ஸ்டர்கள் பெரியதையே விரும்பின. கம்பி இடைவெளி இல்லாத, மூடிய தளம் வேண்டும்; இல்லாவிட்டால் கால் சிக்கும்.

விளையாட்டு என்று நாம் சொல்வது ஹாம்ஸ்டருக்கு உளவு பார்ப்பது. புது இடத்தில் முதலில் சுவரோரமாகப் போகும். மீசை ரோமம் சுவரில் படும்போதுதான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும். திறந்த வெளி என்றால் பருந்து பயம். மேலிருந்து இறங்கும் கையும் அதற்குப் பருந்துதான். உள்ளே போட்டு உருட்டிவிடும் பிளாஸ்டிக் பந்தை நான் எதிர்ப்பதற்கும் இதுதான் காரணம்: மீசை எதையும் தொடாது, வாசனை வராது, ஒளிய இடம் கிடையாது.

கைப்பழக்கத்துக்கு அவசரம் வேண்டாம். புதிதாக வந்த முதல் வாரம் தண்ணீர், தீனி வைப்பதோடு சரி. மகள் ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தைச் சட்டைக்குள் ஒரு நாள் வைத்திருந்து தொட்டியில் போட்டாள். சுண்டல் அதைக் கிழித்துக் கூட்டுக்குள் இழுத்துப் போனது. அவள் வாசனை அதன் படுக்கைக்குப் போய்விட்டது. பிறகு தரையோடு தரையாக உள்ளங்கையை விரித்து, அசையாமல் வைத்திருக்கப் பழகினாள்.

வெயில் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாம்ஸ்டருக்கு வியர்க்காது. 20 முதல் 24 டிகிரி வரை சுகம். 30 தாண்டினால் ஆபத்து. மே மாதம் அது நிலைகொள்ளாமல் புரண்டாலோ, தட்டையாகப் படுத்துக் கிடந்தாலோ முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். தொட்டியில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, நுழைய ஒரு வாய் வெட்டிக் கொடுத்திருக்கிறோம். மதியத்தில் அதற்குள்தான் கிடக்கும்.

இப்போதெல்லாம் ஏழரை மணிக்கு அட்டையால் வேலி கட்டி, தொட்டியிலிருந்து ஒரு அட்டைக்குழாயைப் பாலமாக இறக்குவோம். யாரும் தூக்குவதில்லை, வர வேண்டுமானால் அதுவே வரும். மகள் வேலிக்குள் உட்கார்ந்து கையில் நாலு சூரியகாந்தி விதை வைத்திருப்பாள். நேற்று சுண்டல் வந்து விதைகளைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு குழாய் வழியாக வளைக்குள் போனது. கொட்டிவிட்டுத் திரும்பி வந்தது. அவள் மறுபடி வைத்தாள். ஏழு தடவை எண்ணினாள்.